ஸ்லைடு க்ளாஸ்ல மக்கர் பண்ணுதா? அறிகுறி பாத்து சரி பண்ற வழி

பவர்பாயின்ட் 1987ல முதல்ல மேக்கின்டாஷ்ல வந்தப்ப அதோட வேலை ஆபீஸ் மீட்டிங்ல ஓவர்ஹெட் ப்ரொஜக்டர்ல வைக்கிற ட்ரான்ஸ்பரன்சி ஷீட்டைத் தயார் பண்றதுதான், அதுவும் கறுப்பு வெள்ளையில. ஒருத்தர் நின்னு பேசுவாரு, மத்தவங்க உக்காந்து பாப்பாங்க. அந்த நெனப்பு இன்னிக்கும் அதோட செட்டிங்ஸ்ல ஊறிப்போய் இருக்கு, எங்க தட்டுனாலும் அடுத்த ஸ்லைடு போறது, மேல இருந்து கீழ வரிசையா ஓடுறது எல்லாமே பேசுற ஆளுக்கு வசதியா வச்சது. நாம மவுஸை அஞ்சாம் க்ளாஸ் பையன் கையில குடுத்துட்டு "தொட்டுப் பாரு"ன்னு சொல்றோம், அப்ப அது மக்கர் பண்ணாம என்ன பண்ணும். கீழ இருக்கிறதுல பாதி மக்கர் இந்த ஒரு காரணத்தால வர்றதுதான்.

மெனு பேரெல்லாம் 2016 வெர்ஷனை வச்சு சொல்றேன், அதுக்குப் பின்னாடி வந்ததுலயும் கிட்டத்தட்ட அதே இடத்துலதான் இருக்கும். ஹைடெக் லேப்ல லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் இருந்தா அங்கங்க தனியா சொல்லியிருக்கேன். உங்க பிரச்சனை எதுவோ நேரா அங்க போயிடுங்க, வரிசையா படிக்க வேண்டியதில்ல.

சரியான விடையைத் தொட்டாலும் தப்பைத் தொட்டாலும் அடுத்த ஸ்லைடுக்கே ஓடுது

இதுதான் நம்பர் ஒன். நாலு விடைக்கும் லிங்க் போட்டு அழகா வினாடி வினா பண்ணி வச்சிருப்பீங்க, பிள்ளை பட்டனுக்கு ஒரு விரக்கடை தள்ளி தட்டும், உடனே அடுத்த ஸ்லைடு வந்து "சபாஷ்!"னு காட்டும். பிள்ளையும் நாம சரியாத்தான் சொன்னோம்னு உக்காந்துரும்.

ட்ரான்சிஷன்ஸ் டேப்ல வலது கோடியில "ஆன் மவுஸ் க்ளிக்"னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துட்டு "அப்ளை டு ஆல்" குடுங்க. இனிமே காலி இடத்துல தட்டுனா ஒண்ணும் ஆகாது, லிங்க் போட்ட இடம் மட்டும்தான் வேலை செய்யும், ஆனா கீபோர்டு அம்புக்குறி உங்களுக்கு எப்பவும் போல நகரும். அதனால மவுஸ் பிள்ளைங்ககிட்ட, கீபோர்டு உங்ககிட்டன்னு பிரிச்சுக்கலாம், எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடிக்கும். ஒரே தொல்லை மவுஸ் நடுவுல இருக்கிற சக்கரம், அதை உருட்டுனா ஸ்லைடு ஓடும், பசங்க அதை உருட்டாம இருக்க மாட்டாங்க.

அதுக்கும் சேத்து பூட்டணும்னா ஸ்லைடு ஷோ டேப்ல "செட் அப் ஸ்லைடு ஷோ" போய் "ப்ரௌஸ்டு அட் எ கியாஸ்க்" தேர்ந்தெடுங்க. அப்ப லிங்க்கும் பட்டனும் தவிர எதுவும் நகராது, உங்க அம்புக்குறியும் சேத்துதான், வெளிய வர எஸ்கேப் கீ. லேப்ல ஆளுக்கொரு கம்ப்யூட்டர்ல உக்காத்தி வைக்கிறப்ப இது நல்லது, ஒரே ப்ரொஜக்டர்ல முழு க்ளாஸுக்கும் ஓட்டுறப்ப முதல்ல சொன்னதே போதும்.

இதைச் சரி பண்ண கையோட இன்னொண்ணும் பண்ணிடுங்க. தப்பு விடை எல்லாத்தையும் ஒரே "தப்பு, மறுபடி முயற்சி செய்" ஸ்லைடுக்கு அனுப்பாதீங்க. அப்படி அனுப்புனா பிள்ளை நாலையும் மாத்தி மாத்தித் தட்டி எதுல கை தட்டுற சத்தம் வருதோ அதுதான் விடைன்னு கண்டுபிடிச்சிடும், பாடம் எங்கயும் நுழையாது. ஒவ்வொரு தப்புக்கும் தனி ஸ்லைடு வைங்க. அகப்பொருள் நடத்துறீங்க, கேள்வி "எற்பாடு எந்தத் திணைக்குரிய சிறுபொழுது?", விடை நெய்தல். முல்லையைத் தட்டுன பிள்ளைக்குப் போற ஸ்லைடுல "முல்லைக்கு மாலை, சாயங்காலம் ஆறுல இருந்து பத்து. எற்பாடு அதுக்கு முந்தின பொழுது, பகல் ரெண்டுல இருந்து ஆறு. அந்த நேரத்துல சூரியன் எந்தப் பக்கம் சாயும்?"னு போட்டு திரும்பிப் போற பட்டன். பாலையைத் தட்டுனா "அது நண்பகல், பத்துல இருந்து ரெண்டு, உச்சி வெயில்"னு இன்னொரு ஸ்லைடு. வேலை கூடத்தான், ஒரு கேள்விக்கே அஞ்சு ஸ்லைடு ஆகும், ஆனா பத்து கேள்வி மொட்டையா கேக்கிறதுக்கு இப்படி மூணு கேள்வி மேல்.

பட்டனைத் தட்டுறேன், ஒண்ணுமே ஆகல

முதல்ல எஃப்5 போட்டு ஷோல இருக்கீங்களான்னு பாருங்க. சிரிக்காதீங்க, எடிட் பண்ற திரையில லிங்க்கைச் சும்மா தட்டுனா போகாது, கன்ட்ரோல் பிடிச்சுட்டு தட்டணும், பாதிப் பேர் இதுலதான் மாட்டுறாங்க.

ஷோலயும் வேலை செய்யலன்னா அந்தப் பட்டன் மேல வேற ஏதோ படுத்திருக்கு. அனேகமா அது ஒரு காலி டெக்ஸ்ட் பாக்ஸா இருக்கும், தலைப்புக்கு போட்ட பெட்டி கீழ வரைக்கும் நீண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆல்ட் எஃப்10 அடிச்சா வலது பக்கம் செலக்சன் பேன் திறக்கும், ஸ்லைடுல இருக்கிற ஒவ்வொரு பொருளும் அங்க பட்டியலா நிக்கும், மேல இருக்கிறது ஸ்லைடுலயும் மேல இருக்குன்னு அர்த்தம். பட்டனை இழுத்து மேல வைங்க, முடிஞ்சது.

அங்க இருக்கும்போதே பேரையும் மாத்திடுங்க, "ரெக்டாங்கிள் 47"னு இருக்கிறதை ரெண்டு தட்டு தட்டி "மருதம் பட்டன்"னு தமிழ்லயே வைக்கலாம். பின்னாடி ட்ரிகர் (எதைத் தட்டுனா எது அசையணும்னு சொல்ற செட்டிங்) போடும்போது இந்தப் பட்டியல்ல இருந்துதான் தேடி எடுக்கணும், ரெக்டாங்கிள் 47க்கும் 48க்கும் வித்தியாசம் யாருக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரு கட்டத்தைத் தட்டுனா வேற கட்டம் திறக்குது

மூடி வச்ச படம் விளையாட்டு தெரியும்ல, ஒரு படத்து மேல பன்னெண்டு கட்டம் போட்டு மூடி, பிள்ளைங்க ஒவ்வொண்ணா தட்டித் திறந்து, உள்ள என்ன படம்னு கண்டுபிடிக்கிறது. இதுல கட்டத்துக்கு எக்ஸிட் அனிமேஷன் (மறைய வைக்கிறது) மட்டும் போட்டா அது நீங்க போட்ட வரிசைப்படிதான் போகும், எந்தக் கட்டத்தைத் தட்டுனாலும் முதல் கட்டம்தான் மறையும். அனிமேஷன்ஸ் டேப்ல "ட்ரிகர்", அதுக்குள்ள "ஆன் க்ளிக் ஆஃப்" போய் அதே கட்டத்தோட பேரைக் குடுக்கணும், அப்பதான் தன்னைத் தட்டுனா தான் மறையும்.

பன்னெண்டுக்கும் தனித்தனியா போட வேண்டாம். ஒரு கட்டத்துக்கு முழுசா போட்டு முடிச்சுட்டு கன்ட்ரோல் டி அடிச்சு அதைப் பெருக்குங்க, ட்ரிகரும் கூடவே வரும், கடைசியில அனிமேஷன் பேன் திறந்து ஒவ்வொண்ணும் தன் பேர்லதான் நிக்குதான்னு ஒரு பார்வை பாத்துக்கங்க. இந்த ஸ்லைடுக்கும் ஆன் மவுஸ் க்ளிக் டிக்கை எடுத்தாகணும், இல்லன்னா கட்டம் இல்லாத இடத்துல கை பட்டா ஸ்லைடே போயிடும்.

கல்லணை படத்தை இப்படி மூடி வச்சு காட்டுனா பசங்க "டேம் சார்"னு கத்துறதோட விளையாட்டு முடிஞ்சுரும், அதனால ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு சொல் எழுதுங்க, கட்டத்தைத் திறக்கிற குழு அந்தச் சொல்லை வச்சு ஒரு வாக்கியம் சொல்லணும், படத்தைக் கண்டுபிடிக்கிறது கடைசியில. நாலு மூலையையும் முதல்ல திறக்க விடுங்க, நடுவுலதான் விஷயம் இருக்கும்.

லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்லயும் ட்ரிகர் இருக்கு, அனிமேஷனோட எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்ல டைமிங் பக்கத்துல. கூகுள் ஸ்லைட்ஸ்ல கிடையாது, அங்க ஏத்துனா இந்த விளையாட்டு உடைஞ்சுரும், லிங்க் போட்ட வினாடி வினா மட்டும் தப்பிக்கும்.

கடிகார முள் மையத்துல நிக்காம விசிறி மாதிரி சுத்துது

கீழ் வகுப்பு டீச்சர்ங்க அதிகமா கேக்கிறது இது. வட்டம் போட்டு முள்ளு வரைஞ்சு "ஸ்பின்" குடுத்தா முள்ளு தன் இடுப்பைச் சுத்தி சுத்தும், நமக்கு அடி நுனி மையத்துல நின்னு தலை மட்டும் சுத்தணும். ஸ்பின் எப்பவும் ஒரு பொருளோட நடுப்புள்ளியை வச்சுத்தான் சுத்தும், மாத்த வழி இல்ல, அதனால நடுப்புள்ளியை நாமதான் நகர்த்தணும்.

ஷிப்ட் பிடிச்சுட்டு நேரா ஒரு கோடு, அதுதான் முள்ளு. கன்ட்ரோல் டி அடிச்சு அதே மாதிரி இன்னொண்ணு எடுங்க. ரெண்டாவதை முதல் கோட்டுக்கு நேர் கீழ வைங்க, நுனியும் நுனியும் முட்டணும், ஒரே நீளக்கோடு மாதிரி தெரியணும். இப்ப கீழ்க்கோட்டுக்கு ஷேப் அவுட்லைன்ல "நோ அவுட்லைன்" குடுங்க, மறைஞ்சுரும் ஆனா இருக்கும். ரெண்டையும் சேத்து கன்ட்ரோல் ஜி அடிச்சு குரூப் பண்ணி, அந்தக் குரூப்போட நடுவை கடிகார மையத்துல வைங்க. இதுக்கு அப்புறம்தான் ஸ்பின் போடணும், முன்னாடியே போட்டுட்டு குரூப் பண்ணா போட்ட அனிமேஷன் காணாம போயிடும்.

பெரிய முள்ளுக்கு 360 டிகிரி, சின்ன முள்ளுக்கு 30 டிகிரி. எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்ல அமவுன்ட்ல "கஸ்டம்"ல 30னு அடிச்சுட்டு என்டர் தட்டணும், தட்டாம ஓகே குடுத்தா பழைய அளவே நிக்கும், இது ஒரு எரிச்சல் பிடிச்ச விஷயம். சின்ன முள்ளுக்கு "வித் ப்ரீவியஸ்" குடுத்து ரெண்டுக்கும் ஒரே ட்யூரேஷன் வச்சா பெரிய முள்ளு ஒரு சுத்து சுத்துறப்ப சின்ன முள்ளு ஒரு எண் நகர்றது கண்ணு முன்னாடி தெரியும். அடுத்து 180, 15னு போட்டு ஓட்டுங்க. ரெண்டரை மணியை வரையச் சொன்னா சின்ன முள்ளைச் சரியா ரெண்டுலயே நிறுத்துற பிள்ளைங்க இருக்கும்ல, அதுங்களுக்கு இதை ஓட விட்டு நடுவுல நிறுத்திக் காட்டுறதை விட வேற விளக்கம் வேண்டாம். எந்த முள்ளு முந்தி நகரும்னு ஓட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க.

தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தும் செமிகோலனுமா தெரியுது

வீட்டுக் கம்ப்யூட்டர்ல நல்லா இருந்தது, லேப்ல திறந்தா கன்னாபின்னான்னு இருக்கு. அந்த எழுத்து மேல கர்சரை வச்சு ஃபான்ட் பேரைப் பாருங்க, பாமினி, வானவில் அவ்வையார் மாதிரி பழைய ஃபான்டா இருந்தா அது யூனிகோட் (எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) கிடையாது, உள்ள இருக்கிறது நிஜமாவே ஆங்கில எழுத்துதான், மேல தமிழ் உருவத்தை மாட்டியிருக்காங்க. அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல முகமூடி கழண்டுடும். சந்தேகமா இருந்தா ஃபான்டை நிர்மலா யூஐக்கு மாத்திப் பாருங்க, தமிழாவே நின்னா யூனிகோட், ஆங்கிலமா மாறுனா பழசு.

லேப்ல அந்த ஃபான்டை இன்ஸ்டால் பண்ணா உடனே சரியாகும், ஆனா எத்தனை மெஷின்ல பண்ணுவீங்க, பாதிக்கு அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யூனிகோடுக்கு மாத்திட்டா ஒரே தடவையில தலைவலி போச்சு. தமிழ்நாடு அரசே 2010ல யூனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு, இன்னும் பாமினியில அடிச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு பழக்கம் தவிர காரணம் இல்ல.

யூனிகோட்லயே ஒரு அலங்கார ஃபான்ட் போட்டு அது மட்டும் மாறுதுன்னா ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் "எம்பெட் ஃபான்ட்ஸ்" டிக் பண்ணுங்க, இல்ல தலைப்பை மட்டும் கட் பண்ணி படமா பேஸ்ட் பண்ணிடுங்க. பாடநூல் பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் விழும், அதைத் திருத்துற நேரத்துக்கு போன்ல வாய்ஸ் டைப்பிங்ல சொல்லியே அடிச்சுரலாம், இல்லன்னா இன்சர்ட்ல ஸ்க்ரீன்ஷாட், ஸ்க்ரீன் க்ளிப்பிங். இம்ப்ரெஸ்ல தமிழ் ஃபான்டும் அளவும் மாத்துனா மாறலன்னா டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் செட்டிங்ஸ்ல காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை ஆன் பண்ணுங்க, அது தமிழுக்குன்னு தனி ஃபான்ட், தனி அளவு வச்சிருக்கும்.

வீடியோ கறுப்பா நிக்குது, இல்லன்னா படம் ஓடுது சத்தம் வரல

கறுப்பா நின்னா அந்த வீடியோ போன்ல எடுத்ததான்னு பாருங்க. இப்ப வர்ற போன் நிறைய எச்265ங்கிற வீடியோ முறையில பதியுது, பழைய விண்டோஸ்ல அதைப் பிரிச்சுக் காட்டுற கோடெக் இருக்காது. கேமரா செட்டிங்ஸ்ல "ஹை எஃபிஷியன்சி" அணைச்சுட்டு எடுங்க, எடுத்து முடிச்சதுன்னா எச்264 எம்பி4ஆ மாத்திப் போடுங்க. வாட்ஸ்அப்ல யாருக்காவது அனுப்பி அதை இறக்குனாலே பெரும்பாலும் மாறிடும், தரம் கொஞ்சம் குறையும், பரவால்ல.

"மீடியா கிடைக்கல"ன்னு சொன்னா வீடியோ ஃபைலுக்குள்ள இல்ல, லிங்க்கா இருக்கு, ஒரிஜினல் உங்க வீட்டு டெஸ்க்டாப்ல தூங்குது. 2007ல பண்ண பழைய ஃபைல் எல்லாம் அப்படித்தான். மறுபடி இன்சர்ட் பண்ணி சேவ் பண்ணுங்க.

சத்தத்துக்கு: எச்டிஎம்ஐ ஒயர் மாட்டுனதும் சத்தம் ப்ரொஜக்டருக்குப் போயிடும், அதுல ஸ்பீக்கர் இருக்காது, இருந்தாலும் கொசு சத்தம். கீழ ஸ்பீக்கர் ஐகானைத் தட்டி லேப்டாப் ஸ்பீக்கரையோ நீங்க மாட்டுன ஸ்பீக்கரையோ தேர்ந்தெடுங்க.

பட்டனுக்குச் சத்தம் வைக்கிறப்ப ஒண்ணு: இன்சர்ட், ஆக்சன்ல "ப்ளே சவுண்ட்" வேவ் ஃபைலை மட்டும்தான் ஏத்துக்கும், போன் ரெக்கார்டிங்கை அப்படியே குடுத்தா எடுக்காது. மாத்திக் குடுங்க, ஏன்னா கம்ப்யூட்டர் கைதட்டலை விட க்ளாஸ்ல ஒருத்தி குரல்ல "அடடா, இன்னொரு தடவை யோசி"ன்னு வந்தா பசங்க அதைக் கேக்கிறதுக்குன்னே தட்டுவாங்க, ஆமா, அதுக்குன்னே தப்பாவும் தட்டுவாங்க.

மார்ஃப் போட்டது வெறும் ஃபேடா ஓடுது

ஒரு ஸ்லைடுல இருக்கிற பொருள் அடுத்த ஸ்லைடுல இருக்கிறதா உருமாறிப் போற ட்ரான்சிஷன்தான் மார்ஃப், அதைப் போடுற வசதி 2019லயும் அதுக்குப் பின்னாடி வந்ததுலயும் 365லயும்தான் இருக்கு. அப்டேட் பண்ண 2016ல ஓட மட்டும் செய்யும், அப்டேட் பண்ணாத 2016லயும் அதுக்கு முந்தினதுலயும் திறந்தா மங்கி மாறும், அவ்வளவுதான். வீட்டுலயே வீடியோவா எக்ஸ்போர்ட் பண்ணிக் கொண்டுவாங்க. புது வெர்ஷன்லயே ஒரு பொருள் இன்னொண்ணா மாறாம மறைஞ்சு தோணுதுன்னா ரெண்டு ஸ்லைடுலயும் செலக்சன் பேன்ல அதுக்கு ஒரே பேர் வச்சு பேருக்கு முன்னாடி ரெண்டு ஆச்சரியக்குறி போடுங்க, இப்படி: !!முக்கோணம். அப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு அதுக்குப் புரியும்.

பிள்ளைங்க பண்ற ஸ்லைடுல எல்லாம் பறந்து பறந்து வருது, பாடத்தைக் காணோம்

மூணு வரி விக்கிபீடியா, ஒரு ரோஜாப்பூ, எழுத்து ஒவ்வொண்ணும் துள்ளிக்கிட்டு வரும், கூடவே டைப்ரைட்டர் சத்தம். திட்டாதீங்க, "தவளை பத்தி ஒரு பிபிடி பண்ணிட்டு வா"ன்னு சொன்னா அதுதான் வரும். பிள்ளைக்கு எது கிடைச்சுதோ அதை வச்சு அலங்காரம் பண்ணியிருக்கு.

வேலையை மாத்திக் குடுங்க: எழுத்தே கூடாது, அனிமேஷன் டேப்பையே தொடக்கூடாது, ஸ்லைடை அடுக்கியே நகர்ற படம் பண்ணணும். ஒரு ஸ்லைடுல படத்தை வரையணும், இடது பக்கம் அந்த ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் டி, புது ஸ்லைடுல ஒரு பொருளைக் கொஞ்சூண்டு நகர்த்தணும், மறுபடி கன்ட்ரோல் டி. கடைசியில ட்ரான்சிஷன்ஸ்ல "ஆஃப்டர்"ல 0.20 செகண்ட் போட்டு, மவுஸ் க்ளிக் டிக்கை எடுத்து, அப்ளை டு ஆல். எஃப்5 தட்டுனா கார்ட்டூன் ஓடும்.

சந்திர கிரகணத்தை இப்படிப் பண்ணச் சொல்லிப் பாருங்க. பரீட்சையில "சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் பூமி வருவது"ன்னு பிசகில்லாம எழுதுற பிள்ளை, முதல் ஸ்லைடுலயே மூணு வட்டத்தையும் எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்கும், பக்கத்துல இருக்கிறவன் "நெலா நடுவுல வந்தா அது சூரிய கிரகணம்டா"ம்பான், அப்புறம் நிழல் எந்தப் பக்கம் விழும்னு சண்டை, கடைசியில ஒருத்தன் மெதுவா "அப்ப ஏன் மாசாமாசம் வரல?"ன்னு கேப்பான். அந்தக் கேள்விக்கு, சந்திரனோட பாதை சுமார் அஞ்சு டிகிரி சாய்ஞ்சிருக்குன்னு வார்த்தையில சொல்றதுக்கு முன்னாடி, நெலாவைக் கொஞ்சம் மேல தூக்கி வச்சு இன்னொரு படம் ஓட்டச் சொல்லுங்க, நிழல்ல படாம தாண்டிப் போறதை அவங்களே பாப்பாங்க.

இதுலயே வர்ற சின்னச் சின்ன மக்கர்: பழைய மெஷின்ல திக்கித் திக்கி ஓடுனா ஃபைல், எக்ஸ்போர்ட், "கிரியேட் எ வீடியோ" போய், வச்ச டைமிங்கையே எடுக்கச் சொல்லி வீடியோ ஆக்கிடுங்க, சீரா ஓடும். மொச்சை முளைக்கிறதைத் தினம் போட்டோ எடுத்துப் போடுறவங்க இன்சர்ட்ல "போட்டோ ஆல்பம்" பயன்படுத்துனா எல்லாப் படமும் ஆளுக்கொரு ஸ்லைடா ஒரே அடியில ஏறும். தொட்டி அங்கயும் இங்கயும் குதிச்சா போனை ஒரே இடத்துல வைக்கலன்னு அர்த்தம், ஜன்னல் கட்டையில சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு போனை அங்கயே வைக்கச் சொல்லுங்க.

அஞ்சு குழு ஃபைலையும் ஒண்ணா சேத்தா கலரும் லிங்க்கும் கெட்டுப்போச்சு

திணைக்கொரு குழுவா குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலைன்னு பிரிச்சுக் குடுத்து, கடைசியில ஒரு முகப்பு ஸ்லைடுல இருந்து அஞ்சுக்கும் போற மாதிரி பண்ணுவோம்ல, அப்ப வர்றது இது. பேஸ்ட் பண்றப்ப ரைட் க்ளிக்ல "கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்" குடுத்தா அவங்கவங்க நிறம் நிக்கும், மாலை மயங்குற முல்லைக்கு ஒரு நிறம், நண்பகல் பாலைக்கு ஒரு நிறம்னு பசங்க யோசிச்சு வச்சிருந்தா அதைக் கெடுக்காதீங்க. லிங்க்கை மட்டும் எல்லாம் சேத்து முடிச்ச அப்புறம்தான் போடணும், முன்னாடி போட்டா திரும்பப் போட வேண்டியதாயிடும். லிங்க் போடும்போது "நெக்ஸ்ட் ஸ்லைடு"ன்னு குடுக்காம குறிப்பிட்ட ஸ்லைடையே குடுங்க, பின்னாடி வரிசை மாத்துனாலும் லிங்க் அது பின்னாடியே போகும்.

முகப்புக்குத் திரும்புற பட்டனை வ்யூ, ஸ்லைடு மாஸ்டர்ல (எல்லா ஸ்லைடுக்கும் அடியில இருக்கிற அச்சு) ஒரு தடவை போட்டா அந்த மாஸ்டர்ல இருக்கிற எல்லா ஸ்லைடுலயும் வந்துரும், ஆனா சோர்ஸ் ஃபார்மேட்டிங் வச்சு ஒட்டுனா ஒவ்வொரு குழுவுக்கும் தனி மாஸ்டர் இருக்கும், அஞ்சுலயும் ஒட்டணும்.

முகப்புல எந்தத் திணையைப் பாத்தாச்சுன்னு தெரியணும்னா லிங்க்கை வடிவத்துக்குப் போடாம எழுத்துக்குப் போடுங்க, எழுத்து லிங்க் ஒரு தடவை தட்டுனா நிறம் மாறிடும்.

மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை, இல்லன்னா கடைசி பெஞ்சுக்குத் தெரியல

பழைய ப்ரொஜக்டர் 4:3, புது ஸ்லைடு 16:9. டிசைன், ஸ்லைடு சைஸ்ல மாத்தலாம், ஆனா பட்டன் வச்ச இடமெல்லாம் நகரும், அதனால பண்ண ஆரம்பிக்கிறப்பவே மாத்துங்க. எழுத்து அளவுக்கு விதி எல்லாம் வேண்டாம், கடைசி பெஞ்சுல போய் உக்காந்து பாருங்க. ஜன்னல் வெளிச்சம் இருக்கிற ரூம்ல வெள்ளை பின்னணியில கறுப்பு எழுத்துதான் நிக்கும், கருநீலத்துல மஞ்சள் எல்லாம் வீட்டு மானிட்டர்ல மட்டும் அழகு.

நோட்ஸ்ல எழுதி வச்ச விடை திரையில தெரிஞ்சுருச்சு

பசங்க உற்சாகமா கைதட்டுவாங்க. ப்ரெசன்டர் வ்யூ (நோட்ஸோட உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டிய திரை) தப்பான திரைக்குப் போயிருக்கு, மேல "டிஸ்ப்ளே செட்டிங்ஸ்"ல "ஸ்வாப்" தட்டுங்க. வேண்டவே வேண்டாம்னா ஸ்லைடு ஷோ டேப்ல "யூஸ் ப்ரெசன்டர் வ்யூ" டிக்கை எடுத்துட்டு விண்டோஸ் பி அடிச்சு டூப்ளிகேட்.

ஃபைல் திறக்கவே மூச்சு வாங்குது

படம்தான் காரணம். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட், "கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்"ல 150 பிபிஐ, எல்லாப் படத்துக்கும். வீடியோவுக்கு ஃபைல், இன்ஃபோ, "கம்ப்ரெஸ் மீடியா". பென்டிரைவ்ல இருந்தே ஓட்டாதீங்க, டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணிட்டு ஓட்டுங்க.

எல்லாம் ஒழுங்கா ஓடுது, ஆனா பசங்க தலையே நிமிரல, நோட்டுல காப்பி அடிச்சுக்கிட்டே இருக்காங்க

ஸ்லைடுல வாக்கியம் இருந்தா அதை எழுதிக்கணும்னு பிள்ளைங்களுக்கு நாமதான் பழக்கி வச்சிருக்கோம். வாக்கியத்தை எடுத்துட்டு படத்தையும் ஒரு கேள்வியையும் மட்டும் விடுங்க, எழுத வேண்டியதைக் கரும்பலகையில எழுதிப் போடுங்க, அதுக்குத்தான் அது இருக்கு.

ஓடுற ஷோல பி கீயைத் தட்டுனா திரை கறுப்பாகும், மறுபடி தட்டுனா வரும், டபிள்யூ தட்டுனா வெள்ளையாகும். படத்தை அரை நிமிஷம் காட்டி அணைச்சுட்டு "எத்தனை கிளை இருந்தது, எந்தப் பக்கம் நிழல்?"னு கேளுங்க. ஓடும்போதே கன்ட்ரோல் பி அடிச்சா பேனா வரும், பிள்ளையைக் கூப்பிட்டு இதயப் படத்துல ரத்தம் போற வழியை மவுஸ்ல வரையச் சொல்லலாம், தப்பா வரைஞ்சா ஈ (E) கீயைத் தட்டுனா அழியும், அடுத்த பிள்ளை. கியாஸ்க்ல வச்சிருந்தா மட்டும் பேனா வராது.

எப்பவும் அதே முன் பெஞ்சு ரெண்டு பேரே மவுஸைப் பிடிச்சுக்கிட்டா, மவுஸ் பிடிக்கிற ஆள் விடை சொல்லக்கூடாது, பின்னாடி இருந்து சொல்றதைத்தான் தட்டணும்னு வச்சுப் பாருங்க. ஒயர்லெஸ் மவுஸ் ஒண்ணு கிடைச்சா அதைக் கடைசி பெஞ்சுல இருந்து கிளப்பி விடுங்க, விலை ஐநூறு ரூபாயை ஒட்டித்தான் வரும், ஹெச்எம்கிட்ட கேக்கிறப்ப பேட்டரியையும் சேத்துக் கேட்டுருங்க.